இருபத்தொன்பதாம் தேதித் தண்ணீர்

என் இடது கையில் இருக்கும் வாட்சுக்கு 2019 டிசம்பர் முப்பத்தொன்றோடு காலம் முடிந்துவிட்டது. செய்தவர்கள் அதற்கு அவ்வளவு தேதிதான் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். மணி ஒழுங்காகச் சொல்லும். அலாரம் அடிக்கும். ஓரத்துப் பொத்தானை அழுத்தினால் மூலையில் மஞ்சளாக ஒரு பொட்டு எரியும். ஆனால் 2020 பிறந்த அன்று காலையில் எடுத்துப் பார்த்தால், அது நைசாக 1980க்குத் திரும்பிப் போய் உட்கார்ந்திருந்தது. கிழமை ஒரு நாள் பின்னால் நின்றது. தேய்ந்த வாட்ச்தானே, தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாமே என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. கேட்காமல் போனதற்குக் காரணம் பாசம் இல்லை, வீம்பு.

என் வேலையைச் சொன்னால் இது புரியும். நான் நீர்க்கட்டி. உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற வழியில் எங்கள் ஊர் ஏரி. அதன் மதகைத் திறப்பதும் மூடுவதும், வாய்க்காலில் தண்ணீரை முறைப்படி திருப்பிவிடுவதும்தான் என் பிழைப்பு. எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்குச் சொந்தமாகக் கழனி கிடையாது; ஊர்க் கழனிக்கெல்லாம் தண்ணீர் காட்டுகிற வேலை மட்டும் உண்டு. அறுவடையானால் களத்தில் எனக்கென்று நெல் அளப்பார்கள். என் அப்பாவுக்கு அளந்தார்கள், இப்போது எனக்கு.

மதகிலிருந்து கொஞ்சதூரம் போனதும் வாய்க்கால் இரண்டாகப் பிரியும். ஒன்று மேல்வாய்க்கால், இன்னொன்று கீழ்வாய்க்கால். பிரியும் இடத்தில் இரண்டு பலகைகள் இருக்கின்றன. ஒற்றைப்படைத் தேதியில் மேல்வாய்க்காலுக்குத் தண்ணீர், இரட்டைப்படைத் தேதியில் கீழ்வாய்க்காலுக்கு. காலை ஆறு மணிக்குப் பலகையை மாற்றினால் மறுநாள் காலை ஆறு வரை கை வைக்கக்கூடாது. இதில் ஒரு சிக்கல் இருந்தது. முப்பத்தொன்றும் ஒற்றை, மறுநாள் ஒன்றும் ஒற்றை. மேல்வாய்க்கால்காரர்களுக்கு அடுத்தடுத்து இரண்டு நாள் கிடைக்கும். அதற்காக ஒரு காலத்தில் மண்வெட்டிக் காம்பு வரைக்கும் போய், கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். முப்பத்தொன்றாம் தேதித் தண்ணீர் இரண்டு பேருக்கும் இல்லை, கடைமடைக்கு. அதாவது இரண்டு வாய்க்கால்களும் போய்ச் சேருகிற கோடியில், ஓடைக்கு முன்னால் கிடக்கிற ஐந்து துண்டுக் கழனிகளுக்கு. மற்ற நாட்களில் அவர்களுக்கு மேலே உள்ளவர்கள் விட்ட மிச்சம்தான்.

இன்னொரு முடிவும் எடுத்தார்கள். ஆளுக்கொரு கடிகாரத்தைக் கொண்டுவந்து ஆறு மணி ஆச்சு, ஆகவில்லை என்று கத்திக்கொண்டிருந்ததால், நீர்க்கட்டி கையில் இருக்கிற வாட்ச் காட்டுகிற மணிதான் மணி, தேதிதான் தேதி. இதை நான் கேட்டு வாங்கவில்லை, அவர்களாகக் கொடுத்தது. ஆனால் கொடுத்தபிறகு நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஏக்கர் கணக்கில் நிலம் வைத்திருப்பவர்கள் என் கையைப் பார்த்து மணி கேட்பது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். மேல்வாய்க்காலில் பெரிய நிலக்காரர் ஒருவர் இருக்கிறார். கரைமேல் என்னைப் பார்த்தால் போதும், "மணி இன்னாபா?" என்பார். சட்டைப் பையில் போன் இருக்கும், எடுக்கமாட்டார். அது அவருக்குப் பழக்கம், எனக்கு அது ஒரு மரியாதை.

வாட்ச் என் மாமனார் கொடுத்தது. 1996இல் எங்கள் கல்யாணத்துக்கு அவர் மெட்ராஸ் போய் வாங்கிவந்து மணவறையில் கையில் கட்டினார். எனக்கு அன்றைக்கு ஏகக் கடுப்பு. சைக்கிள் வாங்கித் தருவதாகப் பேச்சு. கறுப்பு ரப்பர் பட்டையும் சின்னக் கண்ணாடியுமாக இதைக் கட்டியபோது என் மூஞ்சி போன போக்கைக் கல்யாணப் போட்டோவில் இன்றைக்கும் பார்க்கலாம். என் மனைவி அந்த போட்டோவை வேண்டுமென்றே வாசலுக்கு நேராக மாட்டிவைத்திருக்கிறாள்.

அவளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எனக்குக் கோபம் மூக்கின்மேல் இருக்கும், அவளுக்குக் கணக்கு விரல் நுனியில் இருக்கும். யார் வீட்டுக் குழந்தை எந்தக் கிழமை பிறந்தது, ஏரி எந்த வருடம் எந்தத் தேதியில் வழிந்தது எல்லாம் கேட்டால் யோசிக்காமல் சொல்வாள். 2023 கடைசியில் நல்ல மழை. ஏரி நிரம்பிக் கலங்கலில் வழிந்துகொண்டிருந்தது. ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"கடமடையில வாத்தியாரோட அந்த அறுவது சென்ட்டு சும்மாத்தானே கெடக்குது. வாத்தியாரு தாம்பரத்துலேர்ந்து போன்ல குத்தகைக்கு எடுத்துக்கச் சொல்றாரு. நவரைப் பட்டத்துக்கு நெல்லு வெக்கலாம்."

"கடமடையா? ஜனவரி முப்பத்தொண்ணு வுட்டா மார்ச்சி முப்பத்தொண்ணு வரிக்கும் உனக்கு முறையே கெடையாது. பயிரு இன்னா காத்தக் குடிக்குமா?"

"வர்ற வருஷம் லீப்பு வருஷம்யா. பிப்ரவரி இருபத்தொம்போது கீது. அதுவும் ஒத்த, அடுத்த நாளும் ஒத்த. முப்பத்தொண்ணு மாதிரிதானே? அன்னைக்குத் தண்ணி எங்களுது."

அவள் சொன்னது சரி. முன்னெல்லாம் 2000, 2004 என்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை வாட்ச் தானாகவே 29 என்று காட்டும், நானும் கடைமடைக்குத் திருப்பியிருக்கிறேன். 2020இல் ஏரியில் பிப்ரவரியிலேயே சேறுதான் மிச்சம், முறை விடவே இல்லை. "வாட்ச்சு காட்டினா உன் நாளு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன்.

எங்கள் குடும்பத்தில் தன் பயிர் என்று ஒரு விதையை மண்ணில் போட்ட முதல் ஆள் அவள்தான். பொங்கல் கழித்து நட்டாள். நாற்று பிடித்து, தூர் கட்டி, பச்சை ஏறி நின்றபோது தினமும் சாயங்காலம் வரப்பில் போய் நின்றுகொள்வாள். எதற்கு நிற்கிறாய் என்று கேட்டால் சும்மாத்தான் என்பாள். பிப்ரவரி பாதி வரைக்கும் மேலே விட்ட மிச்சம் வந்துகொண்டிருந்தது. அப்புறம் ஏரி இறங்கியது. எல்லோரும் இறுக்கிக் கட்டினார்கள். கடைமடைக்கு ஒரு பொட்டு வரவில்லை. பயிர் பொதியில் இருந்தது, உள்ளே கதிர் உருவாகிற சமயம். அந்த வாரம் தண்ணீர் இல்லையென்றால் கதிர் வெளியே வந்தாலும் பதர்தான். அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். எனக்கும் தெரியும்.

இங்கேதான் என் பிழை வருகிறது. அந்த ஜனவரியில் வாட்சுக்குப் பேட்டரி மாற்றினேன். மாற்றியதும் அது வழக்கம்போல 1980இல் கண்விழித்தது. வருடத்தைத் தள்ளிக்கொண்டே போய், அன்றைய தேதிக்கு அன்றைய கிழமை எப்போது பொருந்துகிறதோ அங்கே நிறுத்துவது என் வழக்கம். 2020க்குப் பிறகு நானே கண்டுபிடித்த வித்தை இது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. 81, 82 என்று அழுத்திக்கொண்டே போனேன். பத்தாவது அழுத்தலில் 90. கிழமை சரியாக வந்து உட்கார்ந்தது. ஜனவரி முழுக்கச் சரி. பிப்ரவரி முழுக்கச் சரி. கிழமை சரியாக இருந்தால் தேதியும் சரியாகத்தானே இருக்கவேண்டும்?

இருபத்தெட்டு புதன்கிழமை. கீழ்வாய்க்காலுக்கு விட்டேன். மறுநாள் விடியற்காலையில் கிளம்பினேன். வீட்டுக் காலண்டரில் தாள் கிழிப்பது அவள் வேலை, நான் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. மதகடியில் வாட்சைப் பார்த்தேன். மூன்றாம் மாதம், ஒன்றாம் தேதி, வியாழன். மனது ஒரு நிமிடம் இடறியது. இருபத்தொன்பது வரவில்லையே. அப்புறம், இவள் வருடத்தைத் தப்பாக எண்ணியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் கணக்கு தப்பாகிவிட்டது என்பதில், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்கூட வந்தது. ஆறு மணிக்கு மேல்வாய்க்கால் பலகையைத் தூக்கினேன்.

ஒன்பது மணிக்கு அவள் வந்தாள். கடைமடையிலிருந்து வாய்க்கால் கரையோடு வேகவேகமாக நடந்து வந்திருந்தாள். மூச்சு வாங்கியது.

"இன்னாய்யா, தண்ணிய எங்க வுட்டுகீற?"

"மேல்வாய்க்கால்ல. இன்னைக்கு ஒண்ணாந்தேதி."

"இன்னைக்கு இருபத்தொம்போதுய்யா. எங்க நாளு."

கையை நீட்டினேன். "தோ பாரு. வியாயக்கெயமை சரியாத்தானே கீது? கெயமை சரின்னா தேதியும் சரி."

அவள் இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள். 29 என்று இருந்தது. தப்பு நடந்துவிட்டது என்று தெரிந்தது. ஆனால் வாய் அடங்கவில்லை.

"போனெல்லாம் முறைக்கு ஆவாது. வாட்ச்சுதான் கணக்கு. ஊரே ஒத்துகினது."

"அப்ப அதுலயே இருபத்தொம்போது வெச்சிக் காட்டு."

வைக்கப் போனேன். மாதத்தை இரண்டுக்குக் கொண்டுவந்து நாளை அழுத்தினேன். இருபத்தேழு. இருபத்தெட்டு. அடுத்தது ஒன்று. மறுபடி சுற்றிக்கொண்டு வந்தேன். இருபத்தெட்டு, ஒன்று. எத்தனை தரம் அழுத்தினாலும் அந்த நாள் அதில் இல்லை. "பாத்தியா?" என்றேன். ஜெயித்தவன் மாதிரிதான் சொன்னேன். குரல் அப்படி வரவில்லை.

அவள் என் கையைப் பிடித்துத் திருப்பி அந்தக் கண்ணாடியைப் பார்த்தாள்.

"எந்த வருஷம் வெச்சிகீற?"

"தொண்ணூறு."

"தொண்ணூறுல நீ என்னைப் பாத்துகீறியா?"

"இன்னாமே கேள்வி இது?"

"நீ உங்க அம்மா அப்பாவ இட்டுக்கினு என்னப் பொண்ணு பாக்க வந்த நாளு இன்னா?"

எனக்கு எங்கே ஞாபகம்? தொண்ணூற்றாறு என்று மட்டும் தெரியும்.

"பிப்ரவரி இருபத்தொம்போது. நாலு வருஷத்துக்கு ஒரு வாட்டி வர்ற நாளாப் பாத்து வந்துகீறாரு மாப்ளன்னு எங்கப்பா கிண்டல் பண்ணிக்கினு இருந்தாரே, மறந்துட்டியா? அன்னைக்கும் வியாயக்கெயமைதான். தொண்ணூத்தாறு வெச்சிப் பாரு."

வாய்க்கால் கரையில் குந்தினேன். வருடத்துக்குப் போய் அழுத்தினேன். 91, 92, 93. 94, 95, 96. மாதம் இரண்டு. நாள் இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது. வியாழன். அந்த நாள் அங்கேயே இருந்திருக்கிறது. கிழமை பொருந்திய முதல் இடத்தில் அவசரப்பட்டு நிறுத்தியவன் நான். இன்னும் ஆறு அழுத்து அழுத்தியிருந்தால் இந்நேரம் தண்ணீர் அவள் கழனியில் நின்றிருக்கும்.

"ஆறு மணிக்கு மாத்துன பலகைய நடுவுல தொடக்கூடாது" என்றேன். அதுவும் முறை. பாதியில் திருப்பினால் அங்கேயும் நனையாது, இங்கேயும் வந்து சேராது.

"தெரியும். நாளைக்கு இன்னா பண்ணப்போற?"

நாளைக்கு என்ன செய்யவேண்டும் என்பது தெளிவாகத்தான் இருந்தது. மேல்வாய்க்கால்காரர்கள் ஒன்றாம் தேதித் தண்ணீரை ஒரு நாள் முன்னால் வாங்கிக்கொண்டுவிட்டார்கள். அப்படியென்றால் நாளைய தண்ணீர் கடைமடைக்கு. யாருக்கும் ஒரு சொட்டு நஷ்டமில்லை. ஆனால் அதைப் போய்ச் சொல்லவேண்டும். இத்தனை வருடம் தப்பே செய்யாத வாட்ச் தப்பு செய்துவிட்டது என்று சொல்லவேண்டும். சொல்கிறவன் பெண்டாட்டிக்கே அந்தத் தண்ணீர் போகிறது என்பதையும் சேர்த்து.

பதினொரு மணிக்கு மேல்வாய்க்கால் பெரியவர் வரப்பில் வந்தார். கீழ்வாய்க்கால்காரர்கள் இரண்டு மூன்று பேரும் நின்றிருந்தார்கள். நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

அவர் என் கையைப் பார்த்தார். "காத்தால ஒண்ணாந்தேதி. பதினோரு மணிக்கு இருபத்தொம்போது. நல்லா கீதுபா உன் வாட்ச்சு."

"தப்பு என்னுது நைனா. வருஷத்த மாத்தி வெச்சிட்டேன்."

"மாத்தி வெச்சது காத்தாலயா இப்பவா? நடுவுல உன் வூட்டுக்காரி வந்துட்டுப் போனத நான் பாக்கலன்னு நெனச்சியா?"

அவர் பையிலிருந்து போனை எடுத்து மணி பார்த்துவிட்டு உள்ளே போட்டார். நான் எதிரே நிற்கிறேன், என்னைக் கேட்கவில்லை. அந்தப் போனில் மணிக்குக் கீழேயே தேதியும் இருந்திருக்கும். அவர் தேதியைப் பார்க்கவில்லை. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. கோபம் தலைக்கேறியது. கோபத்தில் நான் எப்போதும் செய்வதைச் செய்தேன். யோசிக்காமல் வாயைவிட்டேன்.

"நாளைக்குத் தண்ணி கடமடைக்குப் போவும். அது அவங்க நாளு. ஆனா என் வூட்டுக்காரி கயினிக்கு ஒரு சொட்டு போவாது. நானே வாமடைய அடச்சிட்டு நிக்கிறேன். வந்து பாத்துக்க."

வாமடை என்றால் ஒரு கழனியிலிருந்து அடுத்ததுக்குத் தண்ணீர் நுழைகிற வரப்பு வாய். அதை அடைப்பேன் என்று சொன்னபோது அவள் எனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் எனக்குச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலுக்கு நேராக மாட்டிய போட்டோவில் சுண்டிப்போன மூஞ்சியோடு நான். அதைப் பார்க்கப் பிடிக்காமல் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன். என் வாக்கைக் காப்பாற்ற அவளுடைய பயிரைப் பணயம் வைத்துவிட்டேன், அவளை ஒரு வார்த்தை கேட்காமல். எனக்கு வெட்கமாக இருந்தது. அதை அவளிடம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

மறுநாள் வெள்ளி. வாட்சும் மார்ச் ஒன்று வெள்ளி என்றது, ஊரும் அதையே சொன்னது. ஆறு மணிக்கு இரண்டு பலகைகளையும் கடைமடைக்குப் போகிற மாதிரி மாற்றினேன். வழியில் இருக்கிற வாய்களையெல்லாம் அடைத்துக்கொண்டே தண்ணீரோடு கூடவே நடந்தேன். ஒன்பதரைக்கு முதல் கழனியில் நுழைந்தது. கடைமடையில் வாய்க்கால் கிடையாது. ஒரு கழனி நிரம்பினால்தான் வாமடை வழியாக அடுத்ததுக்குப் போகும். ஐந்தில் கடைசி அவளுடையது. அதையும் தாண்டினால் ஓடை.

நான் போய் அவள் வாமடையில் மண்ணை வெட்டிப் போட்டேன். காலால் மிதித்து இறுக்கினேன். இந்தப் பக்கம் பக்கத்துக் கழனி, அந்தப் பக்கம் அறுபது சென்ட். மண் வெடித்துக் கிடந்தது. என் சுண்டுவிரல் முழுசாகப் போகிற அளவுக்கு வெடிப்பு. பயிரின் அடி மட்டும் கொஞ்சம் பசுமையாக இருந்தது, நுனி வெளுக்கத் தொடங்கியிருந்தது. அவள் எதிர் வரப்பில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மதியத்துக்கு மேல் நான்காவது கழனியும் நிரம்பியது. அது எங்கள் தெருவிலேயே இருக்கிற ஒரு அம்மாவுடையது. புருஷன் போனபிறகு தனியாகப் பயிர் வைக்கிறவள். அந்த அம்மா தன் கழனிக்குள் இறங்கிக் காலை வைத்துப் பார்த்தாள்.

"எனக்குப் போதும்பா. இதுக்கு மேல நிறுத்துனா வரப்பு ஒடஞ்சிடும். அந்த மண்ண எடு."

"முடியாதும்மா."

"ஏன் முடியாது? எங் கயினிய வுட்டு வெளிய போற தண்ணி ஓடைக்குப் போற தண்ணி. அதுக்கு ஏதுபா முறை? ஒங்கப்பன் காலத்துலேர்ந்து அப்பிடித்தானே?"

அது உண்மை. கடைமடையில் நிரம்பி வழிவது ஓடைத் தண்ணீர். அதற்குத் தேதியும் இல்லை, கணக்கும் இல்லை, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அது என்னைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. ஆனால் நான் சொன்ன வார்த்தை நடுவில் மண்ணாகக் கிடந்தது. "ஒரு சொட்டு போவாதுன்னு சொல்லிட்டேம்மா" என்றேன்.

"சொல்லிட்டாராம்! பேஜார் புடிச்ச ஆளுய்யா நீ" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

தண்ணீர் மண்மேட்டை முட்டிக்கொண்டு நின்றது. மேலே நுரையும் வைக்கோல் துரும்புமாகச் சுற்றியது. ஓரமாக ஒரு இடத்தில் கசிந்தது. பழக்கதோஷம், நான் மண்வெட்டியால் அதையும் அடைத்தேன். அடைத்துவிட்டு நிமிர்ந்தபோது கரைமேல் மேல்வாய்க்கால் பெரியவர் நின்றிருந்தார். சொன்னபடி செய்கிறேனா என்று பார்க்கத்தான் வந்திருக்கவேண்டும். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

அவர் மண்மேட்டைப் பார்த்தார். முட்டிக்கொண்டு நிற்கிற தண்ணீரைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் இறங்கிவந்து, அவள் கழனியின் ஓரத்தில் குனிந்து ஒரு பயிரைப் பிடித்தார். அடியிலிருந்து மேலே இரண்டு விரலால் தடவிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்தினார். உள்ளே கதிர் இருக்கிற இடம் அது. பயிர் வைக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். என் மனைவிகூட தினமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

நிமிர்ந்தார். போன் சட்டைப் பையில் இருந்தது, மேல்விளிம்பு வெளியே தெரிந்தது.

"மணி இன்னாபா?" என்றார்.

வாட்சைப் பார்த்தேன். எண்கள் கலங்கித் தெரிந்தன. "மூணு இருவது நைனா."

"காலைல ஆறு வரிக்கும் கீது. இம்மா நேரம் கீதே, அதுக்குள்ள பொதிப் பயிர வெச்சிக்கினு வாய அடச்சிக்கினு நிக்கிறியே, மனுஷனாபா நீ? எடு மண்ண."

"நேத்து நான் சொன்ன வார்த்த..."

"நேத்து நானுந்தான் சொன்னேன். வூட்டுக்குப் போயி காலண்டரப் பாத்தேன். எடுபா."

மண்வெட்டியை எதிர் வரப்பில் இருந்தவளிடம் நீட்டினேன். அவள்தான் வெட்டவேண்டும், அதுதான் நியாயம் என்று எனக்குப் பட்டது. அவள் எழுந்து வந்தாள், வாங்கவில்லை.

"நீ போட்ட மண்ணு. நீயே எடு" என்றாள். நேற்று பதினொரு மணிக்குப் பிறகு அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு அது.

வெட்டினேன். நான்கு வெட்டில் திறந்துகொண்டது. தண்ணீர் உள்ளே போனதும் முதலில் பரவவே இல்லை, வெடிப்புகளுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. சொளசொளவென்று சத்தம் வந்தது. வெகுநேரத்துக்குப் பிறகு மெதுவாக மேலே தெரிந்து, பயிர் பயிராகத் தொட்டுக்கொண்டு ஓடைப் பக்கம் நகர்ந்தது. அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கி, கணுக்கால் நனைய நின்றாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்டதோ என்னவோ, திரும்பாமலே "தெரியும், தெரியும்" என்றாள்.

சித்திரை பிறந்தபிறகு அறுத்தாள். கடைமடைக் கழனிக்கு நல்ல விளைச்சல்தான். களத்தில் எனக்கு அளக்கவேண்டிய நீர்க்கட்டி நெல்லை அவளும் முறைப்படி அளந்து என் முன்னால் தள்ளினாள். சிரித்தால் உதை விழும் என்பதால் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். இப்போதும் அதே அறுபது சென்ட்டில்தான் வைக்கிறாள்.

வாட்சையும் மாற்றவில்லை. அவள் ஒருநாள் உட்கார்ந்து பழைய பஞ்சாங்கங்களோடு ஒத்துப் பார்த்துச் சொன்னாள். இருபத்தெட்டு வருடம் பின்னால் வைத்தால் தேதி, கிழமை, லீப்பு மூன்றும் அச்சாகப் பொருந்துமாம். அதனால் 2024இல் அது எங்கள் கல்யாண வருடத்தைக் காட்டியது. அதற்கப்புறம் கல்யாணமான மறுவருடம். அடுத்த லீப்பு 2028இல் வரும்போது அதில் 2000 ஓடும். அது எங்கள் மகள் பிறந்த வருடம். இப்படியே போனால் 2047 வரைக்கும் இழுக்கலாம். அப்போது எனக்கு எழுபத்தைந்து. அந்த வயதில் மதகைத் திருக முடியுமா தெரியாது, ஆனால் மணி கேட்டால் சொல்லமுடியும்.

ஒரு பழக்கம் மட்டும் மாறியிருக்கிறது. விடியற்காலை கிளம்பும்போது வாசலில் ஒரு நிமிடம் நிற்கிறேன். அவள் அரைத்தூக்கத்தில் எழுந்துவந்து காலண்டரில் தாளைக் கிழிக்கிறாள். நான் கையை நீட்டுகிறேன். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாட்சைப் பார்க்கிறாள், கையிலிருக்கும் தாளைப் பார்க்கிறாள்.

"சரியாத்தான் கீது. போ" என்கிறாள்.

அதற்குப் பிறகுதான் நான் தண்ணீர் திறக்கப் போகிறேன்.